ஆக்மென்டட் க்ரூ: தமிழில் என்ன சொல்லலாம்?

இரண்டு விமானிகள் மட்டும் ஓட்டி முடிக்க முடியாத அளவு நீண்ட பயணத்துக்கு மூன்றாவது, நான்காவது விமானியையும் சேர்த்து அனுப்புவார்கள். அந்தக் குழுவுக்குப் பெயர் ஆக்மென்டட் க்ரூ. விமானிகள் பேச்சில் 'ஹெவி க்ரூ' என்றும் சொல்வதுண்டு. எந்த நேரமும் இருவர் காக்பிட்டில் இருப்பார்கள். மற்றவர்கள் முறை வைத்துத் தூங்குவார்கள்.

'க்ரூ' என்ற சொல்லுக்கு மூலம் பழைய பிரெஞ்சின் 'க்ரூ'. வளர்ச்சி, பெருக்கம் என்று பொருள். அதற்கும் வேர் 'வளர்தல்' என்ற பொருளுடைய லத்தீன் 'க்ரெஸ்கெரெ'. 15ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில், களத்தில் இருக்கும் படைக்குத் துணையாகப் பின்னால் அனுப்பும் ஆட்களை இப்படி அழைத்தார்கள். பிறகுதான் சொல் கப்பலேறியது, அங்கிருந்து விமானத்துக்கு வந்தது. 'ஆக்மென்ட்' என்பதன் வேர் லத்தீன் 'ஔகெரெ', பெருக்குதல். ஆக, வேர்ப்பொருள்படி இது 'பெருக்கப்பட்ட பெருக்கம்'. தலைகளை எண்ணும் சொல். தூக்கத்தைப் பற்றி இதில் ஒரு எழுத்துகூட இல்லை. தமிழாக்கத்தில் வரும் சிக்கலுக்குக் காரணம் அதுதான்.

தலைக்கணக்கும் தேவைதான். அமெரிக்காவில் 2014 ஜனவரி முதல் நடப்பில் உள்ள விதிப்படி, இரண்டு விமானிகள் என்றால் ஒரு பணியில் பறக்கும் நேரம் அதிகபட்சம் 9 மணி நேரம். இரவு 8 மணிக்கும் விடியற்காலை 5 மணிக்கும் இடையில் பணிக்கு வந்தால் 8 மணி நேரம். மூன்று பேருக்கு 13, நான்கு பேருக்கு 17. சிங்கப்பூர்–நியூயார்க் நேரடி விமானம் 18 மணி நேரத்துக்கும் மேல் பறப்பது; அது சிங்கப்பூரின் விதிகளின் கீழ் இயங்குகிறது. அதில் இரண்டு கேப்டன்கள், இரண்டு ஃபர்ஸ்ட் ஆபீசர்கள், அதாவது துணை விமானிகள்.

ஆனால் ஆளைக் கூட்டினால் மட்டும் மொத்தப் பணி நேரத்தை நீட்ட விட மாட்டார்கள். அதே அமெரிக்க விதியில், எங்கே தூங்குகிறார் என்பதும் கணக்கில் வரும். முதல் வகுப்பு ஓய்விடம் என்றால் காக்பிட்டுக்கும் பயணிகள் பகுதிக்கும் வெளியே தனி இடம், படுக்கை, வெளிச்சத்தையும் வெப்பத்தையும் கூட்டிக் குறைக்கும் வசதி. இரண்டாம் வகுப்பு, கிட்டத்தட்டப் படுக்கையாக நீளும் இருக்கை, குறுக்கே ஒரு திரை. மூன்றாம் வகுப்பு, 40 பாகையாவது சாய்ந்து காலுக்குத் தாங்கல் தரும் இருக்கை. வகுப்பு இறங்க இறங்க, அனுமதிக்கும் பணி நேரமும் குறையும். போயிங் 777-இல் இந்தப் படுக்கைகள் முன்பகுதிக் கூரைக்கு மேலே, குறுகலான படியேறிப் போகும் இடத்தில் இருக்கும். ரயில் பெர்த்தின் மேல்தட்டு மாதிரி, எழுந்து உட்கார்ந்தால் தலை இடிக்கும். போர்வைக்கு மேலே பெல்ட் போட்டுக்கொண்டுதான் படுக்க வேண்டும். குலுங்கினால் பெல்ட் போட்டிருக்கிறாரா என்று எழுப்பாமலே பார்த்துவிடலாம்.

12 மணி நேரப் பயணம், மூன்று விமானிகள் என்று வைத்துக்கொள்வோம். ஏறும்போது அரை மணி, இறங்கும்போது ஒரு மணி, மூவரும் காக்பிட்டில். மீதி 10 மணி 30 நிமிடத்தை மூன்றாகப் பிரித்தால் ஆளுக்கு மூன்றரை மணி. உடை மாற்றி, கண்ணயர்ந்து, முன்கூட்டியே எழுந்து முகம் கழுவியது போக, இரண்டரை மணித் தூக்கம் வாய்த்தால் நல்லது. அமெரிக்க விதிப்படி, தரையிறக்கப் போகும் விமானிக்குப் பணியின் பிற்பாதியில் தொடர்ந்து 2 மணி நேரம் ஓய்வுக்குக் கிடைக்க வேண்டும்; பக்கத்தில் இருந்து கண்காணிப்பவருக்குத் தொடர்ச்சியாக 90 நிமிடம். அதனால் முதல் முறை பெரும்பாலும் மூன்றாமவருக்கே விழும். சாப்பாட்டு வண்டி உருளும் சத்தத்தில், தூக்கமே வராத நேரத்தில் போய்ப் படுப்பவர் அவர்தான்.

முறை மாறும் அந்தச் சில நிமிடங்கள்தான் கவனிக்க வேண்டிய இடம். எரிபொருள் திட்டத்தைவிடக் கூடவா குறைவா, முன்னால் மேகம் எப்படி, அவசரத்துக்கு எந்த விமான நிலையம், எந்த அலைவரிசை, எது பழுது என்று வாய்விட்டுச் சொல்லி ஒப்படைக்க வேண்டும். யார் ஓட்டுவது, யார் கண்காணிப்பது என்பதையும் சொல்ல வேண்டும். 2009 ஜூன் 1 அன்று ரியோவிலிருந்து பாரிஸ் சென்ற ஏர் பிரான்ஸ் 447-இல், கேப்டன் ஓய்வுக்குப் போன சுமார் எட்டு நிமிடத்தில், விமானத்தைத் தானாக ஓட்டும் கருவி விலகியது. வேகம் அளக்கும் குழாய்களைப் பனித்துகள் அடைத்தது, விமானம் ஸ்டால் ஆனதை (இறக்கைகள் தூக்கும் விசையை இழந்ததை) விமானிகள் உணராமல் போனது ஆகியவை விபத்தின் காரணங்கள். அதோடு, கேப்டன் தெளிவான அறிவுறுத்தல் தராமல் போனதையும், இரு துணை விமானிகளுக்குள் வேலைப் பங்கீடு வெளிப்படையாக இல்லாததையும் பிரெஞ்சு விசாரணை அமைப்பு பதிவு செய்தது. இறந்தவர்கள் 228 பேர்.

இதோடு குழப்பிக்கொள்ளும் இன்னொரு சொல் 'கன்ட்ரோல்டு ரெஸ்ட்'. இரண்டு விமானிகள் மட்டுமே உள்ள விமானத்தில், ஒருவர் தன் இருக்கையிலேயே சொல்லிவிட்டுச் சிறிது கண்ணயர்வது. சில நாடுகள் அனுமதிக்கின்றன, அமெரிக்கா அனுமதிப்பதில்லை. 2011 ஜனவரியில் டொரான்டோவிலிருந்து சூரிச் சென்ற விமானத்தில் 40 நிமிட வரம்பைத் தாண்டி 75 நிமிடம் தூங்கி எழுந்த துணை விமானி, வெள்ளிக் கோளை எதிரே வரும் விமானம் என்று நினைத்தார். பிறகு, உண்மையாகவே கீழே 1,000 அடி தள்ளி வந்த விமானம் தன் மேல் மோத வருவதாக எண்ணி விமானத்தின் மூக்கைக் கீழே தள்ளினார். 16 பேருக்குக் காயம். அரைத் தூக்க மயக்கம் தெளியும் முன்பே கை வேலைக்குப் போனதன் விளைவு இது. இதைத் தமிழில் 'இருக்கை ஓய்வு' என்று பிரித்துச் சொல்லிவிட்டால் குழப்பம் தீரும்.

இனி ஆக்மென்டட் க்ரூவுக்கு வருவோம். 'கூடுதல் விமானிகள்' என்றால் எண்ணிக்கை மட்டும்தான் வருகிறது. 'மாற்று விமானி' என்றால், வர வேண்டியவர் வராததால் வந்தவர் என்று ஆகிவிடும். 'துணை விமானி' ஏற்கெனவே கோ-பைலட்டுக்குப் போய்விட்டது. மூன்றாமவரை ஆங்கிலத்தில் 'ரிலீஃப் பைலட்' என்கிறார்கள். நம் மில்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் 'ரிலீவர் இன்னும் வரல' என்கிறோமே, அதே சொல். அதன் லத்தீன் வேருக்குப் பொருள் தூக்கிவிடுதல், பாரம் குறைத்தல். சாமி பல்லக்குத் தூக்குகிறவர்கள் தோள் மாற்றுவது இதேதான்: பல்லக்கு நிற்காது, ஆள் மட்டும் மாறும்.

வாய்க்கால் பாசனத்தில் 'முறை' என்று ஒரு சொல் வைத்திருக்கிறோம். யாருக்கு, எப்போது, எவ்வளவு நேரம் என்ற மூன்றையும் ஒரே சொல்லில் அடக்கிய சொல் அது. ஆகவே ஆக்மென்டட் க்ரூவுக்கு 'முறைமாற்றுக் குழு', ரிலீஃப் பைலட்டுக்கு 'முறைமாற்று விமானி', அவர்கள் பறக்கும்போது எடுக்கும் ஓய்வுக்கு 'முறை ஓய்வு' என்பவை பொருந்தும். 'நான்கு பேர் கொண்ட முறைமாற்றுக் குழு; கேப்டன் முறை ஓய்வில் இருக்கிறார்' என்று எழுதினால், அவர் பொறுப்பு கைமாறவில்லை, தூங்கினாலும் விமானத்துக்குத் தலைவர் அவரே என்பதும் கெடாமல் நிற்கும்.