ஒற்றை மானுக்குக் கிடைத்த விலக்கு ஆற்று மீனுக்கு ஏன் கிடைக்கவில்லை?

மீன்பிடித் தடையை மீறியதாக வழக்கு வாங்கி வருபவர்களில் சிலர் எடுத்த எடுப்பில் சொல்வது, "இது எங்க சாமி காரியம் சார்" என்பதுதான். அதைச் சொன்னாலே பாதி ஜெயித்த மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். வழிபாட்டு உரிமை பலமான வாதம்தான், ஆனால் எங்கே பலம், எங்கே கால் இடறும் என்பது தெரிய வேண்டும். இதற்கு நான் காட்டுவது அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் வந்த இரண்டு தீர்ப்புகள்.

முதலாவது 1979-இல் வந்தது. மிண்டோ என்ற ஊரின் அதபாஸ்கன் பழங்குடியினர், இறந்துபோன ஓர் இளைஞருக்குச் சடங்கு விருந்து வைக்க, வேட்டைத் தடைக்காலத்தில் ஒரு பெண் மூஸ் மானைச் சுட்டார்கள். அந்த இறைச்சியைக் கொண்டுபோன கார்லோஸ் ஃபிராங்க் தண்டிக்கப்பட்டார். மாநில உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. கிறிஸ்தவருக்கு நற்கருணை அப்பமும் திராட்சை ரசமும் எப்படியோ, அப்படித்தான் இவர்களுக்கு அந்த இறைச்சி என்றது. மதம் சம்பந்தப்பட்டதா, செயல் மத அடிப்படையில் நடந்ததா, நம்பிக்கை மனப்பூர்வமானதா என்று மூன்றே கேள்விகள். மூன்றுக்கும் ஆம் என்றால், விலக்கு கொடுத்தால் என்ன கெட்டுவிடும் என்று அரசுதான் நிரூபிக்க வேண்டும். நம் நீதிமன்றங்கள் விடாமல் கேட்கும் 'அது மதத்தின் இன்றியமையாத அங்கமா' என்ற கேள்வியை அந்த நீதிமன்றம் தேவையில்லை என்றே ஒதுக்கியது. நம்பிக்கையில் ஆழமாக வேரூன்றியிருந்தால் போதும். எனக்கு இது நம்முடையதைவிட நேர்மையான அளவுகோலாகப் படுகிறது.

கனடாவில் 1985-இல் கிட்டத்தட்ட இதே கதை தோற்றது. முன்னோருக்கு இறைச்சியை நெருப்பில் படைக்க மான் சுட்டவர்களிடம், மானைக் கொல்வது சடங்கில் சேராது, சேமித்து வைத்த இறைச்சியைப் படைத்திருக்கலாமே என்று கேட்டது அந்நாட்டு உச்ச நீதிமன்றம்.

இனி மீனுக்கு வருவோம். 2012 ஜூனில் அலாஸ்காவின் குஸ்கோக்விம் ஆற்றில், கடலில் வளர்ந்து ஆற்றுக்கு ஏறிவரும் கிங் சால்மன் என்ற மீனின் வரத்து மிகக் குறைந்தது. முட்டையிட மேலே போகும் மீன் போதாது என்று மாநில மீன்வளத் துறை ஆற்றை மூடியது. கரையோர யூப்பிக் பழங்குடி மக்கள் பலர் தெரிந்தே வலை இறக்கினார்கள். ஜூன் அவர்களுக்குச் சும்மா ஒரு மாதம் இல்லை. அப்போது காய வைத்தால்தான் மீன் காயும், பின்னால் மழையும் ஈயும் வந்துவிடும். நம்பிக்கையோ இன்னும் ஆழம். மீன் தன்னைத் தானே மனிதனுக்குத் தருகிறது. தருவதை வாங்காமல் விட்டால் அது மனம் நொந்து திரும்பி வராது. அதாவது, மீனைக் காப்பாற்ற அரசு போட்ட தடையே, அவர்கள் கணக்கில் மீனை விரட்டும் காரியம்.

வலை இறக்கியவர்கள் மீது 2013-இல் பெத்தல் நகரில் விசாரணை நடந்தது. நீதிபதி புரூஸ் வார்ட் நம்பிக்கையைச் சந்தேகிக்கவில்லை, அது மனப்பூர்வமானது என்றே ஏற்றார். ஆனால் மீனைக் காப்பதில் அரசுக்குள்ள அவசியம் அதைவிடப் பெரிது என்று தண்டித்தார். 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

நீதிமன்றம் வைத்த அளவுகோல் அதே 1979-ஆம் ஆண்டு அளவுகோல்தான். மாறியது கேட்ட விலக்கின் அளவு. அங்கே ஒரு சாவு, ஒரு விருந்து, ஒரு மான். இங்கே ஆற்றங்கரையில் வாழ்பவர்களில் மிகப் பெரும்பாலோர் யூப்பிக் மக்கள். அவர்களுக்கு விலக்கு என்றால் தடையே இல்லை என்று அர்த்தம். இந்த ஆற்று மக்களின் தேவை ஆண்டுக்கு 67,200 முதல் 109,800 கிங் சால்மன் வரை என்று மாநில மீன்வள வாரியமே 2013-இல் நிர்ணயித்தது. இத்தனை மீனையும் ஒரு சடங்கின் கணக்கில் எழுத எந்த நீதிபதிக்கும் கை வராது.

எனக்கு உறுத்துவது வேறு. அலாஸ்காவை ஒட்டிய பெரிங் கடலில் பொல்லாக் மீன் பிடிக்கும் இழுவைக் கப்பல்களின் வலையில் 2007-இல் மட்டும் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட கிங் சால்மன் தவறி விழுந்தன. எல்லாம் குஸ்கோக்விம் மீன் இல்லை, பல ஆறுகளுடையவை. ஆனாலும் கடலில் வீணானதைக் கேட்காமல், கரையில் அடுப்புக்குப் போவதைப் பிடித்து நிறுத்தினால் கோபம் வராதா? நம் கிழக்குக் கடற்கரையில் 61 நாள் தடை விசைப்படகுகளுக்குத்தான், நாட்டுப்படகுக்கு இல்லை. சுமையை யார் தலையில் வைப்பது என்பதற்கு அதில் ஒரு விடை இருக்கிறது.

ஆகவே வழிபாட்டு உரிமையை வாதமாக வைக்க நினைப்பவர்கள் கேட்பதைக் குறுக்கிக் கேளுங்கள். எந்தச் சடங்கு, எத்தனை மீன், எந்த வாரம், யார் பிடிப்பது, யார் எண்ணுவது. முடிந்தால் வலை இறக்குவதற்கு முன்பே எழுத்தில் அனுமதி கேளுங்கள். மறுத்தால் அந்தக் கடிதமே உங்கள் முதல் ஆவணம். மற்றவர்கள் அள்ளுவதன் கணக்கையும் கையில் வையுங்கள். உங்கள் பங்கைக் கட்டுப்படுத்தித்தான் ஆக வேண்டுமா என்ற கேள்வி அங்கேதான் பிறக்கும்.

அமெரிக்காவில் 1990-க்குப் பிறகு, எல்லோருக்கும் பொதுவான சட்டத்திலிருந்து மத விலக்கு கேட்க அந்நாட்டு அரசியலமைப்பு பெரிதாக உதவுவதில்லை. அலாஸ்கா தன் மாநில அரசியலமைப்பின்கீழ் பழைய அளவுகோலைக் காத்துக்கொண்டதால்தான் யூப்பிக் வழக்கு அவ்வளவு தூரமாவது போனது. தீர்ப்பு வந்த அதே 2015-இல் குஸ்கோக்விம் பழங்குடிகள் சேர்ந்து தங்களுக்கென ஒரு மீன்வள ஆணையம் அமைத்தார்கள். ஆற்றை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று கூட்டாட்சி அரசு அதிகாரிகளோடு உட்கார்ந்து பேசுவது இப்போது அந்த ஆணையம்தான்.