நரம்புக்கு ஏது மண்டலம்?

"ஒரு மண்டலம் சாப்பிட்டு வந்தால் நரம்பு மண்டலம் வலுப்பெறும். கொங்கு மண்டலம் முழுவதும் கிடைக்கும்." ஈரோட்டுப் பக்கம் ஒரு நாட்டு மருந்துக் கடையில் ஒட்டியிருந்த துண்டறிக்கை இது. இரண்டே வரியில் மூன்று மண்டலம். முதலாவது 48 நாள். மூன்றாவது நாம் குடியிருக்கும் நாடு. நடுவில் நிற்பது எது என்று கேட்டால், அதுதான் 'நெர்வஸ் சிஸ்டம்' என்பார்கள். பாடநூலில், ஆஸ்பத்திரிச் சுவரில், காலை நேர டிவி வைத்தியர் வாயில், யூடியூபில் எங்கும் இதே கதைதான்: செரிமான மண்டலம், சுவாச மண்டலம், கழிவுநீக்க மண்டலம். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

மண்டலம் வடசொல். வட்டம் என்பது முதற்பொருள். அந்த வட்டம் விரிந்து ஓர் ஆட்சிக்கு உட்பட்ட நிலப்பரப்பு ஆனது: தொண்டை மண்டலம், சோழ மண்டலம். சோழ மண்டலக் கரைதான் ஐரோப்பியர் வாயில் கோரமண்டல் ஆயிற்று. நாள்கணக்கில் ஒரு சுற்று நிறைவதும் மண்டலம்தான். கும்பாபிஷேகம் முடிந்த கோயிலில் 48 நாள் மண்டல பூஜை நடப்பது எல்லாருக்கும் தெரியும். 'சிஸ்டம்' கிரேக்கத்திலிருந்து வந்தது. பலவற்றைச் சேர்த்து நிறுத்தியது என்று பொருள். வேர்க்கதை இவ்வளவுதான்.

சேர்த்து வைத்ததற்கும் வட்டத்துக்கும் என்ன உறவு? 'சோலார் சிஸ்டம்' என்பதைச் சூரிய மண்டலம் என்று வழங்கிய பழக்கத்தில், சிஸ்டம் என்று வந்த இடத்திலெல்லாம் மண்டலத்தை ஒட்டிவிட்டார்கள் என்பது என் ஊகம். அங்கே கோள்கள் சுற்றுகின்றன, வட்டம் பொருந்தும். ஆனாலும் வானியல்காரர்கள் விழித்துக்கொண்டு சூரியக் குடும்பம் என்று மாற்றி எழுதுகிறார்கள். உடம்பைப் பற்றி எழுதுகிறவர்கள்தான் பிடித்த பிடியை விடவில்லை.

வடசொல் என்பதற்காக நான் மல்லுக்கு நிற்கவில்லை. வடசொல்லாக இருந்தும் தமிழில் நன்றாக உழைக்கிற சொற்கள் எத்தனையோ உண்டு. என் வழக்கு வேறு. மண்டலம் என்றால் கொங்கில் பிறந்தவனுக்கு முதலில் எல்லை நினைவுக்கு வரும். வடக்கே பெரும்பாலை, தெற்கே வைகாவூர் என்கிற பழனி, மேற்கே வெள்ளிமலை, கிழக்கே குளித்தலை என்று பழைய வெண்பா ஒன்று நான்கெல்லை கட்டி வைத்திருக்கிறது. உள்ளே 24 நாடு. சதகம் பாடியவர்களும் இந்த மண்ணைத்தான் கொங்கு மண்டலம் என்று பாடினார்கள். இன்றைக்கும் பொருள் மாறவில்லை. கோவை மாநகராட்சிக்கு ஐந்து மண்டலம், போலீசுக்கு மேற்கு மண்டலம், ஐப்பசியில் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். எல்லாமே இடம். கோடு போட்டுக் காட்டலாம்.

நரம்புக்கு நான்கெல்லை சொல்லுங்கள் பார்ப்போம். மூளையில் தொடங்கித் தண்டுவடம் வழியாக இறங்கிக் கால் சுண்டுவிரல் நுனிவரை போகிறது. குடல் சுவருக்குள்ளேயே கோடிக்கணக்கான நரம்பணுக்கள் உட்கார்ந்து, உணவைப் பிசைந்து தள்ளும் வேலையைப் பார்த்துக்கொள்கின்றன. அந்தக் குடலுக்குள் ரத்தக் குழாய்களும் ஓடுகின்றன. இப்போது அது செரிமான மண்டலமா, நரம்பு மண்டலமா, ரத்த ஓட்ட மண்டலமா?

பத்தாவது படிக்கும் அண்ணன் மகள் இதே முடிச்சைத்தான் கொண்டுவந்தாள். "கணையம் எந்த மண்டலத்துல வருமுங்க சித்தப்பா?"

"ரெண்டுலயும் வரும் கண்ணு."

"அதெப்படிங்க? ஒரே ஊரு கோயமுத்தூர் ஜில்லாவுலயும் இருந்து திருப்பூர் ஜில்லாவுலயும் இருக்குமா?"

பிள்ளையின் கணக்கு சரி; சொல்தான் அவளைத் தப்பான வழியில் விட்டது. கணையம் செரிமான நீரைச் சுரந்து ஒரு குழாய் வழியாக முன்சிறுகுடலுக்கு அனுப்புகிறது. அந்த வேலையில் அது இரைப்பையோடும் கல்லீரலோடும் சேர்த்தி. அதே கணையத்துக்குள் சிறு சிறு திட்டுகள் உண்டு. 1869இல் பால் லாங்கர்ஹான்ஸ் விவரித்ததால் அவர் பெயரே அவற்றுக்கு நிலைத்தது. அவை இன்சுலினைக் குழாய் எதுவும் இல்லாமல் நேரே ரத்தத்தில் விடுகின்றன. அந்த வேலையில் அது தைராய்டோடும் பிட்யூட்டரியோடும் சேர்த்தி. ஓர் உறுப்பு இரண்டு வேலைக் கூட்டில் இருக்கலாம். இரண்டு மண்டலத்தில் எப்படி இருக்கும்?

ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் நின்று பார்த்தால் இது இன்னும் துலங்கும். பிள்ளை பெற்றவளுக்கு ரத்தம் ஊறட்டும் என்று சுவரொட்டியைக் கேட்டு வாங்குவார்கள். கருஞ்சிவப்பாக, நாக்கு நீளத்துக்குத் தட்டையாக இருக்கும். சுவரில் அடித்தால் ஒட்டிக்கொள்ளும் என்பதால் அந்தப் பெயர். புத்தகத்தில் அதற்கு மண்ணீரல் என்று பெயர். வயதான சிவப்பணுக்களை வடிகட்டி உடைப்பது அதன் ஒரு வேலை. ரத்தத்தில் வரும் கிருமிகளுக்கு எதிராக வெள்ளணுக்களைத் தயார்செய்வது இன்னொன்று. பக்கத்திலேயே குண்டிக்காய் தொங்கும். நம் உடம்பில் இந்த இரண்டு சிறுநீரகமும் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடித்து, ஒன்றரை லிட்டர் போல வெளியே விட்டு, மிச்சத்தைத் திரும்ப இழுத்துக்கொள்கின்றன. அதோடு எலும்பு மஜ்ஜைக்கு எரித்ரோபொய்டின் என்ற ஹார்மோனை அனுப்பிச் சிவப்பணு செய்யச் சொல்வதும் இவைதான். சிறுநீரகம் கெட்டவருக்கு ரத்தசோகை வருவது அதனால்தான். 'கழிவுநீக்க மண்டலம்' என்று வேலி போட்டுப் படித்த பிள்ளைக்கு இந்தச் சோகை எங்கிருந்து வந்தது என்று விளங்கவே விளங்காது.

இருப்பதிலேயே மோசம் 'நோய் எதிர்ப்பு மண்டலம்'. ரத்தத்திலும் நிணநீரிலும் ஊர் சுற்றுகிற அணுக்கள், கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் கிடக்கிற நிணநீர் முடிச்சுகள், தைமஸ், எலும்பு மஜ்ஜை எல்லாம் சேர்ந்தது அது. அதற்குப் போய் மண்டலம் என்றால் என்ன சொல்வது?

இந்த இடத்தில் ஒருவர் கட்டாயம் எழுந்து, "சித்தர்களே உடம்புக்குள் மண்டலம் சொல்லியிருக்கிறார்களே" என்பார். சொல்லியிருக்கிறார்கள். 96 தத்துவத்தில் மண்டலம் மூன்று: அக்கினி மண்டலம், ஞாயிற்று மண்டலம், திங்கள் மண்டலம். விநாயகர் அகவலிலும் மூன்று மண்டலம் வருகிறது. ஆனால் அவை கீழிருந்து மேலாக உடம்பைப் பிரித்துக் காட்டும் பகுதிகள். சித்தர்கள் சொல்லைச் சரியாகவே ஆண்டிருக்கிறார்கள், இடத்துக்கு. அவர்கள் என் கட்சிச் சாட்சி.

சரி, வேறு சொல்? தேடி அலையவே வேண்டாம். கடலுக்கு அப்பால் இலங்கைத் தமிழர் பாடநூலில் நெடுங்காலமாக இருக்கிறது: தொகுதி. சுவாசத் தொகுதி, நரம்புத் தொகுதி, குருதிச் சுற்றோட்டத் தொகுதி. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அந்த மண்ணில் உடலியலைத் தமிழில் பேசுவது புதிதல்ல. தொகு என்றால் சேர், திரட்டு. எட்டுத்தொகையில் உள்ள தொகையும் அதுதான். கிரேக்கச் சொல் சொல்வதையே இதுவும் சொல்கிறது, அதுவும் நமக்குப் பழகிய வேரிலிருந்து.

"தொகுதி என்றால் எம்.எல்.ஏ. ஞாபகம்தானே வருது" என்று ஒரு நண்பர் சிரித்தார். வரட்டுமே. பல ஊர்களைத் தொகுத்ததால்தான் அது தொகுதி. மொடக்குறிச்சி பக்கம் மஞ்சக்காட்டுவலசில் பிறந்த பெரியசாமித் தூரன் கலைக்களஞ்சியத்தைப் பதிப்பித்தார். 1954 முதல் அது பத்துத் தொகுதியாக வந்தது. அதைப் பார்த்து யாரும் வாக்குச்சாவடி தேடவில்லை.

வேறுபாட்டை நம்மூர் வாய்க்காலை வைத்தே சொல்லலாம். கீழ்பவானிப் பாசனத்தில் 2,07,000 ஏக்கர் ஆயக்கட்டு. அந்தப் பரப்பை வேண்டுமானால் மண்டலம் என்று கூப்பிடுங்கள். பவானிசாகர் அணை, வாய்க்கால், மதகு, கிளை, முறை வைத்துத் தண்ணீர் விடும் ஏற்பாடு எல்லாம் கூடியதுதான் சிஸ்டம். அது தொகுதி. நாம் உடம்பில் ஆயக்கட்டைப் பெயராக வைத்துக்கொண்டு வாய்க்காலைப் பாடம் நடத்துகிறோம்.

தனித்தமிழ் அன்பர்கள் 'கட்டகம்' என்கிறார்கள். கட்டியது என்ற பொருள் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 'செரிமானக் கட்டகம்' என்று சந்தையில் நாலு பேரிடம் சொன்னால் ஏதோ கட்டடம் என்று நினைப்பார்கள். 'அமைப்பு' என்றால் உடலமைப்போடு குழம்பும். அது இருக்கிற வடிவத்தைச் சொல்லும், சேர்ந்து செய்கிற வேலையைச் சொல்லாது.

இதே கொங்கில், சேலத்தில், 1916இலேயே ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் அறிவியல் கலைச்சொற்களுக்கென்று ஒரு சங்கம் வைத்தார்கள். கோவையிலிருந்து கலைக்கதிர் அறிவியலைத் தமிழில் மாதாமாதம் கொண்டுவந்தது. சொல்லுக்காக ஆற அமர உட்கார்ந்து பேசிய ஊர்கள் இவை. இப்போதைய மொழிபெயர்ப்பாளர் 'சிஸ்டம்' வந்தாலும் மண்டலம், 'சோன்' வந்தாலும் மண்டலம், 'ஸ்பியர்' வந்தாலும் மண்டலம் என்று போட்டுவிட்டுக் கூலி வாங்கிப் போகிறார். வளிமண்டலம் என்பதில் எனக்குச் சண்டை இல்லை. காற்று நிஜமாகவே பூமியைச் சுற்றிப் போர்த்தியிருக்கிறது. மற்ற இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால், 'வயிற்றுப் பகுதியில் உள்ள செரிமான உறுப்புத் தொகுதி' என்ற எளிய செய்தியைக்கூட மண்டலத்துக்குள் மண்டலம் என்றுதான் எழுத நேரும்.

ஆக, செரிமானத் தொகுதி, மூச்சுத் தொகுதி, ரத்த ஓட்டத் தொகுதி, நரம்புத் தொகுதி, நோய் எதிர்ப்புத் தொகுதி. நான் இப்படித்தான் எழுதுகிறேன். பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகள் மட்டும் பரீட்சையில் புத்தகத்தில் உள்ளபடி மண்டலம் என்றே எழுதிவிடுங்கள் கண்ணுகளா. திருத்துகிறவர் கையில் விடைக்குறிப்பு இருக்கும்; ஒரு மார்க் போனாலும் போனதுதான்.