ஊருக்குச் சிரிப்பு, வீட்டுக்கு முறைப்பு: கலகலப்பானவர்களிடம் மறைந்திருக்கும் அதி உணர்திறன்

சில ஆண்டுகளுக்கு முன்னர் இலங்கையின் வன்னிப் பகுதியில், புதுக்குடியிருப்புப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து கணவனும் மனைவியுமாக இருவர் என்னிடம் உளவளத்துணைக்கு வந்திருந்தார்கள். (இக்கட்டுரையில் வருகின்றவர்களின் ஊர், வயது, தொழில் முதலியவற்றை அடையாளம் தெரியாதபடி மாற்றியே எழுதுகின்றேன்.) மனைவி தம் கிராமத்து மாதர் சங்கத்தில் முன்நிற்பவர், சாமத்திய வீடு, செத்த வீடு, சிரமதானம், பிரதேச செயலகத்துக் கூட்டம் என்று எங்கே போனாலும் அவருடைய குரல்தான் முதலில் கேட்கும். கணவருடைய முறைப்பாடு ஒரே வரியில் அடங்கியது: "மிஸ், இவ ஊருக்குச் சிரிப்பு, வீட்டுக்கு முறைப்பு." வெளியே போய் வந்த அன்றைக்கு அவர் வீட்டில் எவருடனும் பேசமாட்டார், தொலைக்காட்சியை நிறுத்தச் சொல்வார், பேரப்பிள்ளை மடியில் ஏறினால் இறக்கிவிடுவார், சில வேளைகளில் ஏனென்று தமக்கே தெரியாமல் அழுதும்விடுவார். வீட்டார் இதனைத் தலைக்கனம் என்றார்கள், அயலில் ஒருவர் செய்வினை என்றே சொல்லிவிட்டார். அவரோ தமக்குக் கைவந்த ஒரே சொல்லைச் சொன்னார்: "அந்தரமாக் கிடக்கு மிஸ்."

அந்தரம் என்ற இந்தச் சொல்லின்மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. பதகளிப்பு, நெருக்கீடு என்று நாங்கள் பயிற்சி நெறிகளில் படித்துக்கொண்டு வருகின்ற சொற்களைவிட, இருக்கவும் முடியாமல் எழும்பவும் முடியாமல் எல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே வந்து நெருக்குகின்ற அந்த நிலையை அது அப்படியே காட்டிவிடுகின்றது. ஆனால் அந்தரம் என்பது நிலையின் பெயரே தவிரக் காரணத்தின் பெயராகாது. காரணம் எதுவென்று கேட்டால் எங்கள் பிரதேசத்தில் ஆயத்தமாக இரண்டு விடைகள் இருக்கின்றன: ஒன்று போர், மற்றது தொட்டாச்சிணுங்கிக் குணம். அந்த அம்மா இரண்டாவதற்குப் பொருந்தமாட்டார் என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். ஏனென்றால் தொட்டாச்சிணுங்கி என்றால் மூலையில் ஒதுங்கியிருக்க வேண்டும் என்பதே எங்கள் எண்ணம்.

அமெரிக்க உளவியலாளர் எலைன் ஏரன் 1990களில் இக்குணத்தை ஆராயத் தொடங்கி, 1997இல் தம் கணவர் ஆதர் ஏரனுடன் சேர்ந்து 27 வினாக்கள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார். ஓசை, வெளிச்சம், மணம், பிறருடைய முகக்குறிப்பு, ஒரு சொல்லின் தொனி ஆகியவற்றை மற்றவர்களைவிட ஆழமாக உள்வாங்கி, உள்ளே வந்ததை மனம் விடாமல் அரைத்துக்கொண்டிருக்கின்ற இயல்பையே அவர் அதி உணர்திறன் என்றார். இவர்களுடைய காதோ கண்ணோ மற்றவர்களுடையதைவிடக் கூர்மையானது என்பது இதன் பொருளன்று. வந்து சேர்ந்ததை மூளை கையாளுகின்ற விதம்தான் வேறு. இது ஒரு நோயுமன்று. உளநோய்களை வகைப்படுத்துகின்ற எந்த ஏட்டிலும் இது இடம்பெறவில்லை. மக்களில் ஐந்திலொரு பங்கினரிடம் இவ்வியல்பு இருக்கலாம் என்பது ஏரனுடைய மதிப்பீடு. 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு மனிதரை உணர்திறன் மிகுந்தோர், நடுத்தரமானோர், குறைந்தோர் என மூன்றாகப் பிரித்து, மிகுந்தோரை ஏறத்தாழ 31 வீதம் என்று கண்டது. எந்தக் கணக்கை எடுத்தாலும், நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் குறைந்தது எட்டுப் பேராவது இத்தகையவர்கள் என்றாகின்றது.

இனி, பலரும் தவறவிடுகின்ற இடத்துக்கு வருகின்றேன். அகமுகம், புறமுகம் என்ற பாகுபாட்டைச் சுவிஸ் உளவியலாளர் கார்ல் யுங் 1921இலேயே முன்வைத்துவிட்டார். மனிதர் நடுவே நிற்பது ஒருவருக்கு ஊக்கம் தருகின்றதா (புறமுகம்), களைப்பைத் தருகின்றதா (அகமுகம்) என்பதை வைத்துத்தான் இன்றைக்கு நாங்கள் இதனைப் பெரும்பாலும் விளக்குகின்றோம். அதி உணர்திறனோ வேறோர் அச்சிலே ஓடுவது. உணர்திறன் மிகுந்தவர்களில் ஏறத்தாழ 30 வீதத்தினர் புறமுகத்தினர் என்று ஏரனே எழுதியிருக்கின்றார். அமைதியான பிள்ளையைப் பார்த்ததும் "இவன் மனம் இளகினவன்" என்று சொல்லி நாங்கள் குரலைத் தாழ்த்திக்கொள்கின்றோம். கலகலப்பான பிள்ளைக்கு அந்தச் சலுகை கிடைப்பதில்லை. சிரித்துப் பேசுகின்ற ஒருவரை எதுவும் தைக்காது என்று நம்பி, அவரிடம் எதையும் சொல்லலாம், எதையும் சுமத்தலாம் என்று ஊர் எடுத்துக்கொள்கின்றது.

அந்த அம்மாவின் கதை இதுதான். மனிதரைக் கண்டால் அவருக்கு உயிர் வந்துவிடும். இரண்டு நாள் எவரும் வராவிட்டால் வாடிப்போவார். ஆனால் ஒரு கூட்டத்துக்குப் போனால், யாருடைய முகம் சுண்டிப்போயிருக்கின்றது, யார் யாருக்குப் பக்கத்தில் இருக்க விரும்பவில்லை, கடன் கேட்க வந்து கேட்காமல் திரும்புகின்றவர் யார் என்பதெல்லாம் அவர் கேளாமலே அவருக்குள் வந்து சேர்ந்துவிடும். இந்தத் திறமைதான் அவரை நல்ல தலைவியாக்கியது. பசித்தவனுக்குச் சோறும் வேண்டும், அளவு மீறினால் அந்தச் சோறே வயிற்றைப் பிடித்துக்கொள்ளும் என்பதைப்போல, அவருக்கு மனிதர்கள் வேண்டியவர்களாகவும் மிகையானவர்களாகவும் ஒருங்கே இருந்தார்கள். அகமுகத்தவர் ஒருவர் கூட்டத்தைத் தவிர்த்துத் தம்மைக் காத்துக்கொள்வார். இவரால் தவிர்க்க முடியாது, தவிர்த்தாலும் வாடிவிடுவார். ஆகவே "கொஞ்ச நாளைக்கு எங்கேயும் போகாதேங்கோ" என்று இவருக்கு முன்னர் எவரோ சொல்லியிருந்த ஆலோசனை நோயைவிட மோசமாகப் போயிற்று.

போரைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். வன்னியில் பட்டாசுச் சத்தத்துக்குத் திடுக்கிடுகின்ற எவரையும் இறுதிப்போர் நடந்த 2009க்குள் தள்ளிவிடுகின்ற பழக்கம் எங்களிடம், அதாவது இத்துறையில் வேலை செய்கின்றவர்களிடம், அதிகம் உண்டு; நானும் தொடக்கத்தில் அதையே செய்தேன். நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு இங்கே உண்மையிலேயே பரந்து கிடக்கின்றது, அதைச் சிறிதும் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. மனவடுவின் விழிப்பு ஆபத்தை நோக்கியது: விமானத்தின் இரைச்சல், கருகிய மணம், பின்னாலிருந்து வருகின்ற காலடி போன்ற நினைவூட்டிகளோடு அது கட்டுண்டிருக்கும், கெட்ட கனவுகள் வரும், சில இடங்களுக்கும் சில பேச்சுகளுக்கும் கால் போகாது, "அதுக்கு முந்தி நான் இப்பிடி இல்லை" என்று அவர்களே ஒரு காலத்தைச் சுட்டிக்காட்டுவார்கள். அதி உணர்திறன் பிறந்த நாளிலிருந்து கூட வருவது. அது நல்லதையும் அதே அளவுக்கு உள்ளே எடுத்துக்கொள்ளும்: முதல் மழைக்கு மண் மணக்கும்போது நின்றுவிடுவார்கள், நாதஸ்வரத்தின் ஓர் இழைப்புக்குக் கண் கலங்குவார்கள், கறியில் பெருஞ்சீரகம் சற்றுக் கூடினாலும் அறிவார்கள். ஒருவரிடமே இரண்டும் இருப்பதும் உண்டு. உணர்திறன் மிகுந்த பிள்ளையாகப் பதுங்குகுழிக்குள் இருந்தவருக்கு அந்த அனுபவம் எவ்வளவு ஆழத்துக்கு இறங்கியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கனவும் திடுக்கிடுதலும் தவிர்த்தலும் வாழ்க்கையைக் குலைக்குமாயின் அதற்கு மருத்துவ உதவி வேண்டும். மாவட்ட வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவுகளை நாடலாம், 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம். வெறும் உணர்திறனுக்கு மருந்து தேவையில்லை.

கிளிநொச்சியிலிருந்து பாட்டியார் ஒருவர் பத்தாம் வகுப்புப் பேரனைக் கூட்டிக்கொண்டு வந்தது நினைவுக்கு வருகின்றது. திருவிழாவில் ஒலிபெருக்கிக்குக் கிட்டப் போனால் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவிடுவான். தாயின் வயிற்றில் இருந்தபோதே செல் சத்தம் கேட்டதால் வந்த பயம் என்பது பாட்டியாரின் தீர்ப்பு. பையனோ போர் முடிந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர் பிறந்தவன். வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போயிருக்கின்றாயா என்று கேட்டேன். உடனே முகம் மலர்ந்தது. கண்ணகி அம்மனுக்கு உப்புநீரில் விளக்கெரிக்கின்ற அந்தக் காட்சியை, சுடர் எந்தப் பக்கம் சாய்ந்தது, பக்கத்தில் நின்ற கிழவி எந்தச் சொல்லில் குரல் உடைந்து அழுதார் என்பதுவரை, பத்து நிமிடம் சொன்னான். பயந்த பிள்ளை அவ்வளவு சனத்துக்குள் நின்று அப்படிப் பார்த்திருக்கமாட்டான். பாட்டியாரிடம் நான் கேட்டுக்கொண்டது, ஒலிபெருக்கி கட்டாத பக்கத்து வீதியால் அவனைக் கூட்டிப் போகும்படி மட்டுமே.

எங்கள் இடத்தில் நடைமுறைச் சிக்கல் தனிமைக்கு இடமில்லாமை. வெளிநாட்டு நூல்கள் "உங்கள் அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொள்ளுங்கள்" என்கின்றன. வீட்டுத்திட்டத்தில் கிடைத்த 550 சதுர அடி வீட்டில் ஆறு பேர் இருக்கும்போது எந்த அறைக்குள் செல்வது? கதவைச் சாத்தினால் "என்ன நடந்தது?" என்று மூன்று பேர் தட்டுவார்கள். ஆனால் எங்களிடம் வேறொன்று இருக்கின்றது: வளவு. மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் விடுகின்றவரிடம் எவரும் எதுவும் கேட்பதில்லை. கிணற்றடியில் ஆறுதலாகக் குளிக்கின்றவரை எவரும் கூப்பிடுவதில்லை. ஓலை கிழித்து ஈர்க்கு வாருதல், மாட்டுக்குப் புல் அறுத்தல், மாலையில் குளக்கட்டால் நடந்து போய் வருதல் எல்லாமே, வேலை என்ற பெயரில், விளக்கம் சொல்லத் தேவையில்லாத தனிமைகள். என்னிடம் வருகின்றவர்களிடம் நான் முதலில் கேட்பது, இத்தகைய வேலை ஒரு நாளில் எவ்வளவு நேரம் உங்களுக்குக் கிடைக்கின்றது என்பதைத்தான். (வேலை முடிந்து பரந்தனில் பேருந்துக்கு நிற்கும்போது, முதலில் வருவதை வேண்டுமென்றே விட்டுவிட்டுக் கூட்டம் குறைந்த அடுத்ததில் நான் ஏறுவதும் இந்தக் கணக்கில்தான் சேரும்.)

செத்த வீட்டைத் தவிர்க்க முடியாது. தவிர்க்கவும் கூடாது என்பேன். அங்கே உணர்திறன் மிகுந்த ஒருவரைப் பிழிந்தெடுப்பது, ஒப்பாரியும் பறையும் நடுவே கையில் வேலையில்லாமல் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பது. தேத்தண்ணீர் ஆற்றுகின்ற இடத்தில் நின்றால் மனம் ஒரு வேலையைப் பிடித்துக்கொள்ளும், வந்த கடமையும் நிறைவேறும். மே மாதம் இன்னும் கடினம். இறுதிப்போரில் இறந்தவர்களின் நினைவாக முள்ளிவாய்க்கால் கஞ்சி வழங்கப்படுகின்ற நாட்களில் தம்முடைய துயரத்தோடு பக்கத்தில் நிற்கின்றவர்களின் துயரத்தையும் இவர்கள் சுமந்துகொண்டு வீடு வருகின்றார்கள். அந்த வாரத்தில் வேறு கூட்டங்களுக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது என் வழக்கம்.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒன்று. உணர்திறன் மிகுந்த பிள்ளைகள் கெட்ட சூழலில் மற்றவர்களைவிட அதிகம் வாடுகின்றார்கள் என்பது பழைய செய்தி. அவர்களே நல்ல சூழலில் மற்றவர்களைவிட அதிகம் பயன்பெறுகின்றார்கள் என்பதை ஜே பெல்ஸ்கி, மைக்கல் புளூஸ் முதலிய உளவியலாளர்களின் ஆய்வுகள் பின்னர் எடுத்துக்காட்டின. கலகலப்பாகத் திரிகின்ற பிள்ளையை வகுப்பின் முன்னிலையில் பகிடி பண்ணினால் அவன் எல்லோரோடும் சேர்ந்து சிரிப்பான்; அந்தச் சிரிப்பை நம்பிவிட வேண்டாம்.

அந்தத் தம்பதியரோடு நான்கு தடவைகள் பேசினேன். பெரிதாக எதுவும் செய்யவில்லை. ஒரு நாளில் ஒரு நிகழ்வுக்கு மேல் ஒப்புக்கொள்வதில்லை என்றும், வெளியிலிருந்து வந்ததும் முக்கால் மணி நேரம் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவது அவருடைய வேலை என்றும், அந்நேரத்தில் பேரப்பிள்ளையைக் கணவர் பார்த்துக்கொள்வது என்றும் அவர்களே முடிவெடுத்தார்கள். கடைசித் தடவை வந்தபோது கணவர் ஒரு முறைப்பாட்டோடுதான் வந்தார்: கத்தரிக்குத் தண்ணீர் கூடிப்போய் வேர் அழுகத் தொடங்கிவிட்டதாம். "அப்ப மிளகாய்ப் பக்கம் போகச் சொல்லுங்கோ மிஸ்" என்றார். அவருடைய மனைவி சிரித்தார், இம்முறை வீட்டுக்காரருக்காக.