‘இருண்ட வானம்’ என்றால் மழைதான் வரும்

பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிடும் பருவத்தில், கடற்கரையில் நடந்த ஒரு விழிப்புணர்வுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். மேடைக்குப் பின்னால் பெரிய பதாகை: ‘இருண்ட வானத்தைக் காப்போம்’. பக்கத்தில் வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்த பெரியவர் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “இன்னா தம்பி, மழை வேணும்றாங்களா?” என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். தமிழை வீட்டில் பேசி வளர்ந்த யாரும் அப்படித்தான் படிப்பார்கள். செய்திகளிலும் மொழிபெயர்ப்பு அறிக்கைகளிலும் இந்தத் தொடரைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

மூலச் சொல் ‘டார்க் ஸ்கை’. வானியல்காரர்களின் வழக்கு. 1988இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், டூசான் நகரத்தில், இதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார்கள். 2001இல் அதே மாநிலத்தின் ஃபிளாக்ஸ்டாஃப், டார்க் ஸ்கை நகரம் என்ற பெயரை உலகிலேயே முதலில் பெற்றது. மனிதர் ஏற்றிய வெளிச்சம் கலக்காத இரவு வானம் என்பதுதான் பொருள். இதில் சிக்கல் ஒன்றும் இல்லை. சிக்கல் தமிழுக்கு வந்தபோதுதான்.

‘இருண்ட’ என்பது இறந்தகாலப் பெயரெச்சம். முன்பு வெளிச்சமாக இருந்தது, பிறகு இருண்டுபோனது என்று அர்த்தம். கண் இருண்டது, முகம் இருண்டது, வானம் இருண்டது. “வானம் இருட்டிக்கிட்டு வருது, கொடியில கிடக்குற துணிய எடு” என்று அம்மா கத்துவாரே, அந்த வானம்தான் இருண்ட வானம். அதில் ஒரு நட்சத்திரம்கூடத் தெரியாது. வானியல்காரர் சொல்கிற வானமோ அதற்கு நேர் எதிர். இரவு வானத்தின் தரத்தை அளக்க ஜான் போர்ட்டில் என்பவர் 2001இல் ஒன்பது படி கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார். அதன் முதல் படியில் இருக்கிற இடங்களில் பால்வெளியின் வெளிச்சத்திலேயே தரையில் மங்கலாக நிழல் விழும். நிழல் விழுகிற வானத்துக்கு ‘இருண்ட’ என்று பெயர் வைத்தால் எப்படி?

அந்தச் சொல்லின் சேர்க்கையும் சரியில்லை. இருண்ட காலம், இருண்ட கண்டம், இருண்ட எதிர்காலம். இதில் எதையாவது காப்பாற்றச் சொல்லி யாராவது கேட்டதுண்டா? பதாகையைப் பார்த்த வார்டு உறுப்பினர் முதலில் கேட்டதே, “தெருவிளக்கைப் பிடுங்கச் சொல்றீங்களா?” என்றுதான். வேலை முடிந்து பத்து மணிக்கு வீடு திரும்பும் பெண்களைப் பற்றிச் சொன்னார். நியாயமான பேச்சு. ஆனால் யாரும் அப்படிக் கேட்கவில்லையே. வேண்டிய இடத்தில், வேண்டிய நேரத்தில், வேண்டிய அளவுக்கு, தரையைப் பார்த்து, மஞ்சள் கலந்த விளக்கு எரியட்டும் என்பதுதான் கோரிக்கை. லடாக்கின் ஹன்லேயில் 2022இல் சுமார் 1,073 சதுர கிலோமீட்டரை இதற்காக ஒதுக்கினார்கள். சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் தொலைநோக்கிகள் நிற்கிற இடம். அந்த ஊர்க்காரர்கள் இருட்டிலா உட்கார்ந்திருக்கிறார்கள்? விளக்கு எரிகிறது. சன்னலுக்குக் கனமான திரை போட்டிருக்கிறார்கள், வெளிவிளக்கைக் கீழே திருப்பியிருக்கிறார்கள், அவ்வளவுதான். சொல் தவறினால் இதையெல்லாம் விளக்குவதற்குள் கூட்டம் கலைந்துவிடுகிறது.

சரி, வேறு என்ன சொல்லலாம்? ‘கருவானம்’ என்றால் கருமேகம்தான் நினைவுக்கு வரும், மறுபடியும் மழை. ‘இரவுவானம்’ கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் தியாகராய நகருக்கும் இரவுவானம் உண்டு. சாம்பல் பூசினாற்போல இருக்கும். நண்பர் ஒருவர் ‘மீன்வானம்’ என்றார். விண்மீனை மீன் என்றே சொன்ன பழைய வழக்கு அழகானதுதான். ஆனால் இன்று அதைக் கேட்பவருக்குக் காசிமேட்டு மீன் சந்தைதான் தெரியும்.

என் ஓட்டு ‘இருள்வானம்’ என்பதற்கு. காலம் காட்டாத சொல். ‘இருண்டுபோன’ என்ற குறையும் இல்லை. மழை பெய்த காடு வேறு, மழைக்காடு வேறு. அதே வித்தியாசம்தான் இங்கேயும். வினைத்தொகையா, உருபும் பயனும் உடன்தொக்க தொகையா என்று இலக்கணக்காரர்கள் சண்டை போடட்டும். எப்படிப் பிரித்தாலும் துணி எடுக்க ஓட வேண்டியதில்லை.

அப்புறம் இந்த ‘ஒளி மாசு’. காற்று மாசு என்றால் காற்று அழுக்கானது, நீர் மாசு என்றால் நீர். அந்தக் கணக்கில் ஒளி மாசு என்றால் ஒளியில் அழுக்கு. இங்கே கெடுவது ஒளியா? முட்டையிலிருந்து வெளிவரும் ஆமைக்குஞ்சு, எந்தப் பக்கம் அடிவானம் வெளிச்சமாக இருக்கிறதோ அந்தப் பக்கம் போகும். பல்லாயிரம் ஆண்டுகளாக அது கடல் பக்கம். இப்போது அது சாலைப் பக்கம். விளக்கு சுத்தமாகத்தான் எரிகிறது, கெட்டுப்போனது இரவு. ‘ஒலி மாசு’ என்று முன்னோடி இருக்கிறதே என்பீர்கள். அதுதான் அடுத்த தலைவலி. அன்றைய பேச்சாளருக்கு ளகரம் வரவில்லை. அரைமணி நேரம் ‘ஒலி மாசு’ என்றே பேசினார். கேள்வி நேரத்தில் ஓர் அம்மா எழுந்து, கோயில் கூம்பு ஸ்பீக்கருக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டார்! எழுத்தில் ‘ஒளி மாசு’ நிலைத்துவிட்டது, போகட்டும். மைக் பிடிக்கிறவர்கள் மட்டும் ‘வெளிச்ச மாசு’ என்று சொன்னால் புண்ணியமாகப் போகும்.

மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியைத் திறக்கிற நேரத்தில் ஒருமுறை தெருவில் இறங்கிக் கேட்கலாம். வெளிச்சம் மேலே போகாமல் மூடி வைத்த விளக்கை ஓர் அறிக்கை ‘கவசமிட்ட விளக்கு’ என்கிறது. போருக்கா போகிறது? எங்கள் தெருவுக்கு வரும் எலக்ட்ரீசியன் அதை ‘குல்லா போட்ட லைட்டு’ என்கிறார். குல்லா விளக்கு என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலையில் ஒரு ‘டார்க் ஸ்கை பார்க்’ அமைக்கப்போவதாகத் தமிழக அரசு அறிவித்தது. ஆங்கிலத்தில் ‘பார்க்’ என்று இருப்பதால் இங்கே ‘பூங்கா’ ஆக்கிவிடுகிறார்கள். பூங்கா என்று பெயர் வைத்தால் ஊஞ்சல் வரும், செயற்கை நீரூற்று வரும், திறப்புவிழாவுக்கு மரமெல்லாம் சீரியல் லைட்டு வரும். புலிகள் காப்பகம் என்று சொல்லிப் பழகிய நாக்குத்தானே, இருள்வானக் காப்பகம் என்று சொல்ல வராதா? ஒரு அமாவாசைக்கு அங்கே போய்ப் பார்க்க வேண்டும், பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று.