டிசம்பரில் நிறைந்திருக்கும் கணக்கை நம்பாதீர்கள்

சுயதொழில்காரர்களுக்குக் கணக்கு பார்க்கும் எங்களுக்குப் பிப்ரவரி என்றாலே ஒரே மாதிரி அழைப்புகள்தான். கூரை வேலை செய்பவர், வெளிச்சுவர் பெயின்டர், தரைக்கல் பதிப்பவர், தோட்டம் பராமரிப்பவர். ஆள்தான் வேறு, கேள்வி ஒன்றுதான்: "வேலை இல்லை, வேனை விற்றுவிடலாமா?" இந்த ஆண்டும் கேட்டாயிற்று. வேனை விற்றுவிட்டு ஏப்ரலில் ஏணியை எதில் ஏற்றுவீர்கள்?

குளிர்காலம் திடீரென்று வரும் விபத்து இல்லை. எந்த மாதத்தில் பொழுது சீக்கிரம் சாயும், எந்த மாதத்தில் 5 டிகிரிக்குக் கீழே போய் சிமென்ட் வேலை நிற்கும் என்பதெல்லாம் எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நாள் தெரிந்த செலவுக்குக் கடன் வாங்குவதைத்தான் எங்களால் ஜீரணிக்க முடிவதில்லை.

"வருமானம் பத்தவில்லை, எங்கே சேர்ப்பது?" என்பார்கள். சிலருக்கு அது உண்மை. பலருக்கோ வருமானம் எவ்வளவு என்பதே தெரியாது. வங்கிக் கணக்கில் நிற்கும் தொகைதான் வருமானம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இந்த ஒரு நினைப்பைக் கழற்றத்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

ஒரு பேச்சுக்கு, ஆண்டு வரவு 1,200 என்று வையுங்கள். எந்த நாணயமானாலும் சரி. ஏப்ரல் முதல் நவம்பர் வரை செய்யும் வேலைக்கு எட்டு மாதம் தலா 135. டிசம்பர் முதல் மார்ச் வரை செய்யும் வேலைக்கு நான்கு மாதம் தலா 30. பொருள், எரிபொருள், உதவியாள் கூலி என்று வேலையோடு கூடிக் குறையும் செலவு வரவில் 30 சதவீதம். வாகனத் தவணை, காப்பீடு, போன், சாமான் வைக்கும் இடத்தின் வாடகை என்று வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் போகும் நிலைச் செலவு மாதம் 10. வரிக்கு 15 சதவீதம். எல்லாம் போக ஆண்டுக்கு உங்கள் கையில் 540. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 45. அதுதான் உங்கள் சம்பளம். ஜூலையில் 135 வந்தபோதும் 45தான், பிப்ரவரியில் 30 வந்தபோதும் 45தான்.

ஜூலையில் நடப்பது வேறு. பொருள் செலவும் நிலைச் செலவும் போக 84.50 நிற்கிறது. வரி இப்போதைக்குக் கேட்கவில்லை, அதனால் அத்தனையும் என் பணம்! வீட்டுச் செலவு அந்த அளவுக்கு விரிகிறது. விரிந்த செலவு டிசம்பரில் தானாகச் சுருங்காது. உண்மையான கணக்கு இது: 135-ல் 40.50 பொருளுக்கு, 10 நிலைச் செலவுக்கு, 20.25 வரிக்கு, 45 உங்களுக்கு. மிச்சம் 19.25 குளிர்காலத்துக்கு. அதாவது வரும் ஒவ்வொரு பில்லிலும் ஏறக்குறைய 14 சதவீதம்.

"மாசக் கடைசியில் மிஞ்சுவதைப் போடுகிறேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். மிஞ்சாது. பில் பணம் வந்த அன்றே வரிக்கு ஒரு கணக்கு, குளிர்காலத்துக்கு இன்னொரு கணக்கு என்று மாற்றிவிடுங்கள். இரண்டுக்கும் கார்டு வாங்க வேண்டாம். தொழில் கணக்கிலிருந்து வீட்டுக் கணக்குக்கு மாதம் ஒருமுறை, ஒரே தேதியில், ஒரே தொகை மட்டும் போகட்டும்.

இனி டிசம்பருக்கு வருவோம். வேலை நின்றுவிட்டது, கணக்கோ நிறைந்திருக்கிறது. காரணம், பில் பணம் ஒரு மாதம் கழித்துத்தான் வரும்; நவம்பரில் முடித்த வேலைக்கான 135 இப்போதுதான் வந்து விழுகிறது, செலவோ குறைவு. வரியும் உங்கள் சம்பளமும் உட்பட எல்லாம் போக ஏறக்குறைய 51 மிஞ்சும். "இந்த வருஷம் பரவாயில்லை" என்ற பேச்சு கிளம்புவது இங்கேதான். ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில் மாதம் 38.50 துண்டு விழும். மோசமான மாதம் அதற்கும் பிறகுதான். ஏப்ரலில் வேலை கொட்டும், பொருளுக்கு 40.50 முன்கூட்டியே கொடுத்தாக வேண்டும், ஆனால் வரவு மார்ச் மாதத்து 30 மட்டுமே. அந்த ஒரே மாதத்தில் 70 துண்டு. நடுக்குளிரைத் தாண்டிவிட்டவர்கள் வசந்தத்தின் வாசலில் விழுவது இதனால்தான். டிசம்பரில் மிஞ்சும் அந்த 51 விதைநெல்; குத்திச் சமைத்துவிட்டால் ஏப்ரலில் விதைக்க ஒன்றும் இருக்காது.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை நாலு மாதத் துண்டையும் கூட்டினால் 185.50. டிசம்பர் கடைசியில் குளிர்காலக் கணக்கில் இவ்வளவு இருக்க வேண்டும். நான்கு மாதச் சம்பளத்துக்குச் சற்று மேலே. வாடிக்கையாளர்கள் பில்லுக்கு 60 நாள் எடுத்துக்கொள்பவர்களானால் இதுவும் பத்தாது, இன்னொரு மாதச் சம்பளம் சேருங்கள். (ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் இருப்பவர்கள் எல்லா மாதங்களையும் ஆறு தள்ளிப் படிக்கவும்.)

உங்கள் எண்களைக் கண்டுபிடிக்க மூன்று ஆண்டு வங்கி அறிக்கை போதும். மாதவாரியாக வரவை ஒரு தாளில் எழுதி, மூன்றில் மிக மோசமான ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். சராசரி வேண்டாம், சராசரிக் குளிர் என்று ஒன்று வருவதில்லை.

வரி விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். பிரிட்டனில் சுயதொழில் வரி கட்டும் கெடு ஜனவரி 31. அமெரிக்காவில் காலாண்டு முன்வரியின் கடைசித் தவணை ஜனவரி 15. கையில் காசில்லாத நேரமாகப் பார்த்து வருகிறது. காப்பீடு, சங்கச் சந்தா, மென்பொருள் கட்டணம் போன்ற ஆண்டுச் செலவுகளையாவது ஜூலை பக்கம் நகர்த்த முடியுமா என்று கேளுங்கள். கேட்டால் பல நிறுவனங்கள் மாற்றித் தருகின்றன. யாரும் கேட்பதில்லை.

பணத்தை எங்கே வைப்பது? பங்குச் சந்தையில் வேண்டாம். ஒரு வருடம் கைவைக்க முடியாத வைப்பிலும் வேண்டாம். வட்டி தரும் சாதாரண சேமிப்புக் கணக்கு போதும். வேண்டுமானால் ஜனவரிக்கு ஒன்று, பிப்ரவரிக்கு ஒன்று என்று அந்தந்த மாதத் தொடக்கத்தில் முதிரும் குறுகிய கால வைப்புகளாகப் பிரித்துப் போடலாம். புதுக் கருவியையும் இந்தப் பணத்தில் வாங்காதீர்கள். "வரி மிச்சமாகும்" என்று நவம்பரில் இயந்திரம் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை: 100 செலவழித்தால் 100-ம் மிச்சமாகாது, உங்கள் வரி விகிதம் எவ்வளவோ அவ்வளவுதான்.

இருக்கும் பொருளையும் காப்பாற்றுங்கள். தண்ணீர் பெயின்ட் டப்பாவிலேயே உறைந்தால் கெட்டுக் குப்பைக்குப் போகலாம். புல்வெட்டியில் பழைய பெட்ரோலை மாதக்கணக்கில் விட்டால் கார்புரேட்டர் அடைத்து, ஏப்ரலில் முதல் செலவாக அது வந்து நிற்கும்.

கடைசியாக முன்பணம். ஏப்ரல் வேலைக்கு ஜனவரியில் வாங்கும் அட்வான்ஸ், வேலை முடியும்வரை வாடிக்கையாளர் பணம். அதை வீட்டு வாடகைக்குப் போட்டால், அவர் வேலைக்குப் பொருள் வாங்க அடுத்தவரிடம் அட்வான்ஸ் வாங்க வேண்டி வரும்; அவருக்காக இன்னொருவரிடம். ஒருவர் வேலையை ரத்து செய்து பணத்தைத் திருப்பிக் கேட்டால் போதும், மொத்தமும் சரியும். நாங்கள் பார்த்த தொழில்மூடல்களில் பலவற்றின் முதல் கண்ணி இதுதான்.

கையில் ஒன்றுமில்லாமல் இந்தக் குளிரில் ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள், தயவுசெய்து வேனை விற்பதற்கு முன் மூன்று காரியம் செய்யுங்கள். வசூலாகாத பில்கள் அனைத்துக்கும் இன்றே போன் போடுங்கள். இலையுதிர் மரங்களைக் கழிப்பது, வீட்டுக்குள் பெயின்ட் அடிப்பது என்று குளிரிலும் நடக்கும் வேலையைப் பழைய வாடிக்கையாளர்களிடம் வாய்விட்டுக் கேளுங்கள். வரியைத் தவணையாகக் கட்ட வேண்டுமென்றால் கெடு தேதிக்கு முன்பே வரித்துறைக்குச் சொல்லுங்கள். தேதி தாண்டிப் போனால் அபராதமும் வட்டியும் சேர்ந்துகொள்ளும்.