ஒரு சைக்கிள், இரண்டு மோட்டார், ஒரே ஆக்சிலேட்டர்

மன்னார்குடிப் பக்கத்து வாசகர் ஒருவரின் கேள்வி: சைக்கிளின் பின்சக்கரத்தில் ஹப் மோட்டார் (சக்கர நடுவிலேயே பொருத்திய மோட்டார்) இருக்கிறது. ஐப்பசி மழையில் வாய்க்கால் கரைக் களிமண்ணில் அது சும்மா சுற்றுகிறதே தவிர வண்டி நகரவில்லை. முன்சக்கரத்திலும் ஒரு மோட்டார் போட்டு, இருக்கிற கன்ட்ரோலரிலேயே (பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு அளந்து விடும் பெட்டி) இணைக்கலாமா?

கூடாது. இந்த வகை பி.எல்.டி.சி (பிரஷ் இல்லாத டி.சி) மோட்டாரில் காந்தம் எங்கே நிற்கிறது என்பதை மூன்று ஹால் சென்சார்கள் (காந்தத்தை உணரும் சில்லுகள்) சொல்லும். அதன்படிதான் கன்ட்ரோலர் மோட்டாரின் சுருள்களுக்குப் போகும் மூன்று ஃபேஸ் ஒயர்களில் மின்சாரத்தை மாற்றி மாற்றி விடும். வளைவில் முன்சக்கரம் அதிகத் தூரம் ஓடுவதால் இரண்டின் காந்த நிலையும் சீக்கிரமே பிசகிவிடும். ஒன்றைத் தள்ளும் மின்சாரம் மற்றதைப் பின்னுக்கு இழுக்கும். ஆகவே மோட்டாருக்கு ஒரு கன்ட்ரோலர். பேட்டரியும் ஆக்சிலேட்டரும் பொது.

சுமையை யார் பங்கு பிரிப்பது? யாரும் வேண்டாம், இயற்பியலே பிரிக்கும். சுற்றும் மோட்டார் ஜெனரேட்டரும்கூட. வேகத்துக்கு ஏற்ப எதிர் மின்னியக்கு விசையை, அதாவது வரும் மின்சாரத்தை எதிர்க்கும் வோல்ட்டேஜை, உண்டாக்கும். சாதாரணக் கன்ட்ரோலர் மோட்டாருக்கு 30 வோல்ட் கொடுக்கிறது, எதிர்விசை 28 வோல்ட், சுருளின் மின்தடை 0.2 ஓம் என்று வையுங்கள். மிச்சம் 2 வோல்ட்டை 0.2-ஆல் வகுத்தால் 10 ஆம்பியர். பின்சக்கரம் சறுக்கி வேகம் 7% கூடினால் எதிர்விசையும் 30-ஐத் தொடும். ஆம்பியர் பூஜ்யமாகும், சக்கரம் வெறிகொண்டு சுற்றாது. அதே நேரம் வண்டி தளர்ந்து முன்சக்கர வேகம் 7% குறைந்தால் எதிர்விசை 26; அது 20 ஆம்பியர் இழுக்கும். சறுக்குகிறவன் விட்ட பாரத்தைப் பிடி உள்ளவன் தானே வாங்கிக்கொள்கிறான்! ஒரு வரி புரோகிராம்கூட இல்லை. ஆனால் இரண்டு மோட்டாரும் ஒரே ரகமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் நடை ஒவ்வாத ஜோடி மாடுபோல ஒன்றே எல்லாவற்றையும் இழுத்துச் சூடேறும்.

ஆக்சிலேட்டரில் மூன்று ஒயர்: 5 வோல்ட், கிரவுண்ட், சிக்னல். சிக்னலை மட்டும் இரு கன்ட்ரோலருக்கும் கொடுங்கள். 5 வோல்ட்டும் கிரவுண்டும் ஒன்றிலிருந்து மட்டும். 5 வோல்ட்டுகளைச் சேர்த்தால் அந்த 5 வோல்ட்டைத் தரும் இரு ரெகுலேட்டர்களும் மல்லுக்கட்டும். கிரவுண்டுகளைச் சேர்ப்பது இன்னும் ஆபத்து: ஒரு கன்ட்ரோலரின் தடித்த நெகட்டிவ் ஒயர் கழன்றால், அதன் முழு மின்சாரமும் மெல்லிய கிரவுண்ட் ஒயர் வழியே திரும்பி அதைக் கருக்கிவிடும். கிரவுண்ட் பேட்டரியின் நெகட்டிவில் ஏற்கெனவே ஒன்றாகத்தான் இருக்கிறது. பிரேக் பிடித்ததும் மோட்டாரை நிறுத்தும் பிரேக் கட்-ஆஃப் ஒயர் இரு கன்ட்ரோலருக்கும் போக வேண்டும்; ஒன்று நின்று மற்றது தள்ளினால் வண்டி கவிழலாம்.

தலா 20 ஆம்பியர் கன்ட்ரோலர் என்றால் பேட்டரியின் பி.எம்.எஸ் (பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட்) 40 ஆம்பியருக்கு மேல் தாங்க வேண்டும். 20 ஆம்பியர் பி.எம்.எஸ் கொள்ளிடம் பாலத்து ஏற்றத்தில் சட்டென்று கட் ஆகும். பொது ஒயர் 6 சதுர மி.மீ., கிளைகள் 4. கிளைக்கொரு 25 ஆம்பியர் டி.சி ஃபியூஸ். ஹேண்டில்பாரில் எலுமிச்சம்பழம் கட்டுவது உங்கள் இஷ்டம். ஃபியூஸ் இல்லாமல் அதை மட்டும் கட்டுவதுதான் மூடநம்பிக்கை.

முன் ஃபோர்க் இரும்பாக இருக்கட்டும், டார்க் ஆர்மும் (ஆக்சில் திருகாமல் ஃபோர்க்கோடு பிடித்துக்கொள்ளும் இரும்புப் பட்டை) போடுங்கள். அலுமினிய ஃபோர்க்கில் ஆக்சில் உட்காரும் பிளவை ஆக்சில் திருகி உடைத்தால் சக்கரமே கழன்று ஓடும். கனெக்டருக்கு முன் ஒயரைக் கீழே தொங்கவிட்டு மேலேற்றுங்கள், மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். பிறகு இரு சக்கரத்தையும் தூக்கி நிறுத்தி, ஒவ்வொரு மோட்டாராகச் சோதியுங்கள். உதறினாலோ பின்னோக்கிச் சுற்றினாலோ ஃபேஸ் ஒயர் அல்லது ஹால் ஒயர் வரிசை தவறாக இருக்கலாம்.

பதிவு தேவையில்லாத வண்டிக்கு மோட்டார் சக்தி 250 வாட்டுக்குள், வேகம் 25 கி.மீ.க்குள் இருக்க வேண்டும். இரண்டு 250 வாட் மோட்டார் அதைத் தாண்டிவிடும். பதிவில்லாமல் ஓட்டுவது வயல் வரப்போடு சரி.