ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசியில் தெரியாதவை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்தில், முதியோரை அவர்களின் வீட்டிற்கே சென்று பார்க்கும் தாதியாகப் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். அம்மாவோ அப்பாவோ குளியலறையில் வழுக்கி விழுந்த பிறகுதான் பெரும்பாலான பிள்ளைகள் என்னிடம் பேச வருகிறார்கள். அந்த வீட்டிற்குள் சென்று நிதானமாகப் பார்த்தால், தனியாக வாழ்வது அவர்களுக்குக் கைமீறிப் போய்ப் பல மாதங்கள் ஆகிவிட்டன என்பது புரியும்.

குளிப்பது, உடுத்துவது, உண்பது போன்றவை பொதுவாகப் பின்னர்தான் தடுமாறும். பணத்தைக் கணக்கிடுவது, மருந்தை நேரத்திற்கு எடுப்பது, சமைப்பது, கடைக்குப் போய் வருவது ஆகியவை அதற்கு முன்பே தளர்ந்துவிடும். "சாப்பிட்டேன்யா, நல்லாத்தான் இருக்கேன்" என்று ஞாயிற்றுக்கிழமை சொன்ன தாய், மூன்று நாள்களாகப் பிஸ்கட்டும் கோப்பியுமாகக் காலம் தள்ளியிருக்கலாம். தீபாவளிக்கு வந்தாலும் தெரியாது. அன்று சமைப்பதும் கூட்டுவதும் மருமகள்களும் பேத்திகளும்தான். ஆகவே, திருவிழா இல்லாத ஒரு சாதாரண வாரநாளில் வந்து ஓர் இரவு தங்குங்கள்.

வந்ததும் மருந்துப் பையைப் பாருங்கள் என்பேன். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவி ஓய்வுபெற்ற, எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மாவுக்கு இனிப்புநீரும் (நீரிழிவு) இரத்த அழுத்தமும் இருந்தன. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாண்டுகள் மட்டுமே படித்தவர் என்பதால், உறையில் மலாய் மொழியில் எழுதியிருந்ததை அவரால் வாசிக்க இயலவில்லை. மாத்திரைகளை நிறத்தை வைத்தே அடையாளம் கண்டு வந்தார். ஒருமுறை வேறு நிறுவனத்தின் மாத்திரை வந்து நிறம் மாறிவிட்டது. இரத்த அழுத்த மாத்திரை என்று நினைத்து, சர்க்கரையைக் குறைக்கும் கிளிக்லசைட் மாத்திரையை இருமடங்காக விழுங்கினார். பசியில்லை என்று சோற்றையும் குறைத்துக்கொண்டார். சர்க்கரை அளவு தாழ்ந்து, காலையில் வியர்த்து, பேச்சுக் குழறி, மகனின் பெயரை மாற்றிச் சொன்னார். சிங்கப்பூரில் வேலை செய்யும் அந்த மகன், வயதானால் வரும் மறதி என்று எண்ணி முதியோர் இல்லம் தேடத் தொடங்கியிருந்தார். மருந்தைச் சரிசெய்ததும் அம்மாவின் பேச்சு தெளிந்தது. குழப்பம் தெரிந்தவுடன் இடத்தை மாற்ற முடிவெடுக்காதீர்கள். முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீர்த் தொற்று, தைராய்டு குறைவு, காது மந்தம் ஆகியவையும் மறதிநோய் போலவே தோன்றக்கூடும்.

ஆனாலும் அந்த அம்மாவால் தனியாக இருக்க முடியாது என்பதே என் முடிவாக இருந்தது. அதற்குக் காரணம் நோயைவிட வீடுதான். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் இருந்தவரை, விடியலில் அவர் வாசல் திறக்கவில்லை என்றால், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும் பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டியிருப்பார். குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் வந்திருக்கும். தோட்டம் துண்டாடப்பட்டு, தாமான் எனும் குடியிருப்புப் பகுதி வீட்டிற்கு வந்த பின், இரும்புக் கதவைப் பூட்டிக்கொண்டு வாழும் புதிய அண்டை வீட்டாருக்கு அவர் பெயர்கூடத் தெரியவில்லை. நம் முதியோர் பலருக்கு அந்த லயமே, யாரும் பெயர் வைக்காத பராமரிப்பு இல்லமாக இருந்திருக்கிறது என்பதை இந்தப் பணியில்தான் உணர்ந்தேன்.

கூடுதல் ஆதரவு என்றதும் முதியோர் இல்லம்தான் என்று நினைக்க வேண்டாம். குளியலறையில் கைப்பிடி, இரவில் துணைக்கு ஒருவர், பகலில் சமூக நலத்துறையின் முதியோர் நடவடிக்கை மையம் எனச் சிலருக்கு இவையே போதும். படுத்த படுக்கையானவர்களுக்கு அரசு சுகாதாரக் கிளினிக்கின் இல்லம் தேடி வரும் சேவை உண்டா என்று கேளுங்கள். அரசின் ரூமா ஸ்ரீ கெனாங்கான் இல்லங்கள், 60 வயதைக் கடந்த, வசதியும் ஆதரவும் இல்லாத, தம் வேலைகளைத் தாமே செய்துகொள்ளக்கூடியவர்களுக்கானவை. எழ முடியாத தந்தையை அங்கே சேர்த்துவிடலாம் என்று பிள்ளைகள் நம்பி வந்து ஏமாறுவதை வருத்தத்துடன் பார்த்திருக்கிறேன்.

தனியார் இல்லம் என்றால், 1993-ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையச் சட்டத்தின் கீழ் அது பதிவு பெற்றதா என்று முதலில் பாருங்கள். முன்கூட்டியே சொல்லாமல் மாலை உணவு நேரத்தில் சென்று, இரவில் எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள், இன்சுலின் போடுவது யார், தமிழில் பேச ஒருவராவது இருக்கிறாரா என்று கேளுங்கள். அடுத்த முறை அம்மாவையும் அழைத்துச் சென்று, அவர் கேட்க நினைப்பதை அவரே கேட்க விடுங்கள்.